கதவிடுக்கில் நீண்ட விரல்

நேற்றுக் காலையில் மலேரியாக்காரர் வந்து என் விரலைக் கேட்டார். இராஜபாளையத்தில் இப்போது பதினைந்து நாளுக்கு ஒருமுறை இந்தக் கூத்து நடக்கிறது. தோளில் ஒரு பை, சுவரில் கட்டம் போட்டுப் பென்சிலால் ஒரு தேதி, "வீட்ல யாருக்காச்சும் காய்ச்சல் உண்டா?" என்று ஒரு கேள்வி. எனக்கு இரண்டு நாளாக உடம்பு கணகணப்புத்தான். இல்லை என்று சொல்லி அனுப்பியிருப்பேன். அதற்குள் என் மருமகள் உள்ளேயிருந்து, "மாமாவுக்குத்தான் மேலு சுடுது, பாருங்க" என்று போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவர் சின்னச் சீசாவின் மூடியைத் திறந்தார். ஸ்பிரிட் வாடை வந்தது. அவ்வளவுதான், நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நான், மனசு மட்டும் ஏழு மைல் தாண்டி ஸ்ரீவில்லிபுத்தூரில் போய் நிற்கிறது. அவர் குத்தியதும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மருமகள் வந்து, "என்ன மாமா, கைய நீட்டிக்கிட்டே இருக்கீங்க?" என்று சிரித்த பிறகுதான் கையை மடக்கினேன்.

அந்த வாடை என் இளமை முழுக்க என் விரல்களில் ஒட்டிக்கொண்டிருந்த வாடை. என் அம்மாவுக்கு அது ஜென்மப் பகை. நான் வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நடந்தே வீட்டுக்கு வருவேன். வாசலிலேயே மறித்துவிடுவாள். "ஏலே, சாராயத்தத் தொட்ட கையோட உள்ள வராத. எம்புட்டு சோப்புப் போட்டாலும் அந்த நாத்தம் போகுதா பாரு!" அது சாராயம் இல்லை, மருந்து என்று நான் விளக்கோ விளக்கென்று விளக்குவேன். அத்தா மளிகைக் கடைக்காரர், சமாதானப் பிரியர். "மருந்துன்னா ஆகும், உள்ள விடு" என்பார். அம்மா விடமாட்டாள். கிணற்றடியில் சாம்பல் போட்டு முழங்கை வரை தேய்த்துக்கொண்டுதான் சோற்றில் கை வைக்க முடியும். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்த வாடை மற்ற வீடுகளிலும் எப்படி உறுத்தும் என்பது வேறு யாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது. தெரிந்து என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன், செத்த நேரம் பொறுங்கள். எனக்கே பொறுமை கிடையாது, உங்களைப் பொறுக்கச் சொல்கிறேன் பாருங்கள்.

நூற்றாண்டு பிறந்து பத்து வருஷம் ஆகியிருக்காது. இந்தப் பக்கம் இரயில் கிடையாது. சாத்தூருக்கு மாட்டுவண்டியில் போனால்தான் இரயிலைக் கண்ணால் பார்க்கலாம். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவன். புதிதாக வந்த டாக்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். காய்ச்சலெல்லாம் ஒரே காய்ச்சல் இல்லை, கொசுக்கடியால் வரும் மலேரியா முறைக்காய்ச்சல் வேறு, குடலில் புண்ணாக்கும் டைபாய்டு வேறு, இரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர் சொன்னபோது கம்பவுண்டர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பார்ப்பதற்கு எங்களிடம் மைக்ராஸ்கோப்பும் கிடையாது. இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, மரப்பெட்டியில் அடுக்கி மெட்ராசுக்கு அனுப்ப வேண்டும். பதில் தபாலில் வரும். அந்தத் தடவுகிற வேலை என் தலையில் விழுந்தது. "உனக்குத்தாம்லே கை நடுங்கல" என்றார் டாக்டர். கை நடுங்காதுதான். கால்தான் ஓரிடத்தில் நிற்காது.

வேலை சொல்லும்போது சின்னது. கண்ணாடியைச் சோப்பில் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்து, பழைய வேட்டித் துணியால் பளபளவென்று தேய்த்து, ஓரத்தை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டும். நடுவில் கைரேகை பட்டால் போச்சு. காய்ச்சல் ஏறி நிற்கிற நேரத்தில் எடுக்க வேண்டும். முறைக்காய்ச்சலுக்கான கொய்னா மருந்தைத் தின்பதற்கு முன்னால் எடுக்க வேண்டும், தின்றுவிட்டால் கிருமி ஒளிந்துகொள்ளும். அந்த நாளில் தபாலாபீசில் ஸ்டாம்பு விற்கிற ஜன்னலிலேயே கொய்னாப் பொட்டலமும் விற்பார்கள். ஆகவே பாதிப் பேர் தின்றுவிட்டுத்தான் வந்து நிற்பார்கள். விரலை ஸ்பிரிட்டால் துடைத்து, அது நன்றாகக் காயும்வரை பொறுத்து, ஊசியை விளக்கில் காட்டிக் குத்தி, முதல் சொட்டைத் துடைத்து எறிந்துவிட்டு, இரண்டாவது சொட்டைக் கண்ணாடியில் வாங்க வேண்டும். இன்னொரு கண்ணாடியின் விளிம்பால் தோசைமாவு இழுக்கிற மாதிரி ஒரே இழுப்பு. காய்ந்தபின் அந்த இரத்தப் பூச்சின் மேலேயே ஊசிமுனையால் பெயரைக் கீற வேண்டும்.

இதில் "காயும்வரை பொறுத்து" என்பதை டாக்டர் மூன்று தடவை சொன்னார். ஈரம் பட்டால், அதிலும் தண்ணீர் பட்டால், இரத்தத்தில் இருக்கிற சின்னச் சின்ன வட்டங்கள் உப்பி வெடித்துவிடுமாம். மெட்ராஸ்காரன் பார்த்தால் ஒன்றும் தெரியாதாம். நான் தலையை ஆட்டினேன்.

முதல் வாரமே என் கெட்டிக்காரத்தனம் வெளிப்பட்டது. ஐந்து கண்ணாடிகளை மேசையில் காயவைத்துவிட்டுப் போனேன், வந்து பார்த்தால் கண்ணாடி மட்டும் சுத்தமாக இருக்கிறது. எறும்பு! வரிசையாக வந்து ஒரு துளி மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. டாக்டர் கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எறும்புக்குக் காய்ச்சல் எப்படியிருக்குன்னு மெட்ராசுக்கு எழுதிக் கேக்கட்டுமாலே?" என்றார். அன்றிலிருந்து மேசைக்கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். மம்சாபுரத்திலிருந்து ஒரு சம்சாரி வந்தார், மலையடிவாரத்தில் தன் வயலுக்குக் காவல் இருந்து காய்ச்சலை வாங்கிக்கொண்டவர். என் ஊசியைப் பார்த்ததும் வாசல்பக்கம் நகர்ந்தார். "எம்புட்டு ரத்தம் எடுப்பிய?" ஒரு சொட்டு என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு சொட்டுல எஞ் சீக்கு பூராத்தையும் எப்படிய்யா பாப்பிய? எடுக்கதுதான் எடுக்கிய, ஒரு உழக்கு எடுங்க!" இப்படிச் சிரித்துக்கொண்டே எத்தனையோ பேரைக் குத்தியிருக்கிறேன். அவர்கள் பெயரெல்லாம் மறந்துவிட்டது. மறக்காதது ஒரு பெயர்தான்.

கோயிலில் கைங்கரியம் பார்க்கிற குடும்பம் அது, மாடவீதியில் வீடு. அந்த வீட்டு மருமகள் கோதைக்கு வயசு இருபதுக்குள் இருக்கும், ஏழு மாதக் கர்ப்பிணி. மூன்று வாரமாகக் காய்ச்சல், விட்டுவிட்டு வருகிறது. கணவன் மதுரையில் குமாஸ்தா. மாமனார்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து டாக்டரிடம் பேசினார், அழுக்கில்லாத பஞ்சகச்சம், நெற்றி நிறைய நாமம், கையெல்லாம் பதற்றம். முறைக்காய்ச்சல் என்றால் கொய்னா கொடுத்து நிறுத்திவிடலாம். ஆனால் கர்ப்பிணிக்குக் கொய்னா கொடுத்தால் கரு கலைந்துவிடும் என்று அந்தக் காலத்தில் டாக்டர்களுக்கே பயம். டைபாய்டாக இருந்தால் கொய்னாவால் பிரயோஜனமும் இல்லை. அந்தத் தெருவில் இரண்டு வீட்டில் டைபாய்டு வேறு இருந்தது. "நிச்சயமாத் தெரியாம நான் கொய்னா கொடுக்க மாட்டேன். ரத்தத்தப் பாத்துருவோம்" என்றார் டாக்டர். கிழவர் என்னைப் பார்த்தார். "இவர்தான் வருவாரா?" இவர்தான் என்றார் டாக்டர். கிழவர், "வரட்டும்" என்றார்.

அந்த வீதியில் நான் அதற்கு முன் எந்த வீட்டுப் படியும் ஏறியதில்லை. மார்கழி மாதம், வீதி முழுக்கக் கோலம். அதை மிதிக்காமல் போவதற்கே நான் கூத்தாடி மாதிரி குதித்துக் குதித்து நடந்தேன். வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கிற ரேழியில் எனக்கு ஒரு மணை போட்டார்கள். உள்கதவை ஒருச்சாய்த்து வைத்து, அதன் பின்னால் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. கதவிடுக்கு வழியே ஒரு கை மட்டும் வெளியே வந்தது, மஞ்சள் ஏறிய விரல்களோடு, தணலாகச் சுட்டுக்கொண்டு. அந்நிய ஆண் நான் பிடிக்கக்கூடாது என்று மாமியார் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார்.

நான் பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் துடைத்தேன். மாமியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன வாடை இது, சாயபு? கள்ளுக்கடை மாதிரின்னா இருக்கு!"

"மருந்து ஸ்பிரிட்டும்மா. கிருமி சாகுறதுக்கு."

"கர்ப்பிணிப் பொண்ணு கையிலே இதையா தடவுவா? செத்த இருங்கோ."

எழுந்து உள்ளே போனார். வெள்ளிப் பாத்திரத்தில் துளசி மிதக்கிற பெருமாள் தீர்த்தம் கொண்டுவந்தார். உத்தரணிக் கரண்டியால் மூன்று தரம் அந்த விரல்மேல் விட்டார், நான் துடைத்ததைக் கழுவுகிற மாதிரி. "இப்போ குத்துங்கோ" என்றார்.

விரலிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. டாக்டர் மூன்று தடவை சொன்னது என் தொண்டைவரை வந்துவிட்டது. அம்மா, ஈரம் ஆகாது, துடைக்கணும் என்று சொன்னால் முடிந்தது. சொல்லவில்லை. சாயபு வீட்டுப் பையன் நம் ரேழியில் உட்கார்ந்துகொண்டு பெருமாள் தீர்த்தத்தைத் துடை என்கிறானே என்று நினைப்பார்களே! அவர்கள் மனசு புண்படுமே! உள்ளே விட்டதே பெரிசு, நாம் மரியாதையாக நடந்துகொள்வோம். இப்படியெல்லாம் ஒரு நொடியில் நினைத்து, என் மரியாதையை நானே மெச்சிக்கொண்டு, குத்தினேன். சொட்டு குன்றிமணி மாதிரித் திரண்டு நிற்கவில்லை. ரேகை வழியே இளஞ்சிவப்பாக ஓடியது. முதல் சொட்டைத் துடைத்தேன், இரண்டாவதும் அப்படித்தான். எனக்குத் தெரிந்தது. தெரிந்தே அதைக் கண்ணாடியில் வாங்கினேன்.

பெட்டி சாத்தூர் வண்டியில் போயிற்று. அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! பகலெல்லாம் அந்தக் கண்ணாடியோடு கூடவே பயணம் செய்தேன். இப்போது சாத்தூர், இப்போது மதுரை, இப்போது திருச்சிராப்பள்ளி. கட்டுப் போடுகிறபோது ஒருவருக்கு நல்ல காலில் சுற்றிவிட்டேன், அவர் கத்தினார். மத்தியானத் தபால் வருகிற நேரத்துக்குத் தபாலாபீஸ் வாசலில் நிற்பேன். போஸ்ட்மாஸ்டர், "ஏன்ப்பா, மெட்ராஸ்ல பொண்ணு பாத்திருக்கியா?" என்று கேலி செய்தார். ஒருவேளை தெரிந்துவிடும், மெட்ராஸ்காரர்கள் பெரிய ஆட்கள், எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அடுத்த நிமிஷமே அந்த இளஞ்சிவப்பு ஓட்டம் கண்முன்னால் வரும். தொழுகையில் எத்தனை ரக்அத் முடிந்தது என்றே கணக்குத் தப்பும். கோதைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டும் இறங்கிக்கொண்டும் இருந்தது. டைபாய்டாக இருந்துவிடப் போகிறதென்று கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டாம் நாள் கார்டு வந்தது. மற்ற நான்கு கண்ணாடிக்கும் பதில் இருந்தது. கோதை என்று கீறியிருந்ததற்கு மட்டும், இரத்த அணுக்கள் நீர் பட்டுக் கரைந்திருக்கின்றன, பார்க்க இயலாது, உலர்ந்த விரலில் எடுத்து மறுபடி அனுப்பவும் என்று எழுதியிருந்தார்கள்.

டாக்டர் கார்டை மடித்தார். "விரல் காஞ்சிருந்துச்சாலே?"

"காஞ்சுதான் இருந்துச்சுங்கய்யா. வேர்வையா இருக்கும்."

"மார்கழிக் குளிர்ல என்னலே வேர்வ?"

அப்புறம் சொன்னேன். தீர்த்தம் விட்டதை, நான் பேசாமல் இருந்ததை, எல்லாவற்றையும். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். "சாத்தூர் வண்டி எப்பக் கெளம்புது? அதுக்குள்ள எடுத்துட்டு வா. ஓடு" என்றார்.

ஓடினேன். கோலத்தை மிதித்தேனா இல்லையா என்று நினைவில்லை. கிழவர் வாசலில் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே சொல்லிவிட்டேன். "சாமி, அன்னைக்கு விரல்ல தீர்த்தம் பட்டுச்சு. தண்ணி பட்டா ரத்தம் கெட்டுப்போகும். எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன். இன்னைக்கு மட்டும் தீர்த்தம் வேண்டாம்."

கிழவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அவர் முகத்தில், அதுதான் தாங்கவில்லை. "ஏன்டாப்பா, அன்னிக்கே சொல்லப்படாதோ? பெருமாள் தீர்த்தம் எங்கே ஓடிப்போறது? நீ குத்தினப்புறம் வாயிலே ரெண்டு சொட்டு விட்டிருப்போமே!"

அவ்வளவுதான் விஷயம்! ஒரு வாய் வார்த்தை. அவர்கள் புண்பட்டுவிடுவார்கள் என்று நானாகவே ஒரு சுவர் கட்டி, நானாகவே அதில் முட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். அன்றைக்கு அந்த விரல் ஸ்பிரிட்டில் காயும்வரை மாமியாரே ஊதிக்கொண்டிருந்தார். சொட்டு கருஞ்சிவப்பாகத் திரண்டு நின்றது. கதவுக்குப் பின்னாலிருந்து முதல்தடவையாக அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "இந்தத் தரம் தெரிஞ்சுடுமா?" தெரிந்துவிடும் அம்மா என்றேன். என்னால் சொல்ல முடிந்ததெல்லாம் அதுதான்.

மறுபடியும் சாத்தூர், மதுரை, திருச்சிராப்பள்ளி. தினமும் காலையில் எந்த வேலையும் இல்லாமல் அந்த வீதி வழியாக ஒரு நடை நடந்துவிட்டு வருவேன். ஆறாம் நாள் போனபோது வீதி முழுக்கக் கோலம், அந்த ஒரு வாசலில் மட்டும் தண்ணீர்கூடத் தெளிக்கவில்லை. என் கால் முதல்தடவையாக அசையாமல் நின்றது. கிழவர் வெளியே வந்தார். என்னைக் கண்டதும், "முடிஞ்சுடுத்து, சாயபு. குழந்தை தங்கலை" என்றார்.

"அவிய?" என்றேன், கோதையைக் கேட்டு.

"இருக்கா."

இன்னும் ஏதோ சொல்வார் போல நின்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. முறைக்காய்ச்சல், சந்தேகமே இல்லை. இனிமேல் யாருக்கு என்ன பயம்? டாக்டர் கொய்னா கொடுத்தார், ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டுவிட்டது. முதல் கண்ணாடி நன்றாக இருந்திருந்தால், குழந்தை போவதற்கு ஆறு நாள் முன்னாலேயே எங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஆறு நாளில் கொய்னா கொடுத்திருந்தால் குழந்தை தங்கியிருக்குமா, கொய்னாவே அதைக் கொண்டுபோயிருக்குமா என்று டாக்டரிடம் கேட்டேன். "எனக்குத் தெரியாதுலே" என்றார். எனக்குத் தெரியும், தங்கியிருக்கும் என்றுதான் இன்றுவரை தோன்றுகிறது. யாரும் என்னைத் திட்டவில்லை. அந்த வீட்டார் திட்டியிருந்தால், நாலு பேர் முன்னால் வைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்டிருந்தால், நான் எப்போதோ இதை மறந்திருப்பேன்.

நாலைந்து வருஷம் கழித்து ஒருநாள், ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்கு நடுவே ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து என் மேசை முன்னால் நின்றாள். ஆண்பிள்ளை, ஒன்றரை வயதிருக்கும், மேல் அனலாகக் காய்ந்தது. எனக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும், முகத்தைப் பார்த்தவனா நான்? நான் ஸ்பிரிட் பஞ்சால் குழந்தையின் விரலைத் துடைத்தேன். அவள் அதைத் தன் வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஊதினாள், நன்றாகக் காயும்வரை ஊதினாள். பிறகு என் பக்கம் நீட்டினாள்.

"தீர்த்தம் கெளம்பறப்போ ஆத்துலேயே குடுத்துட்டேன். விரல் காஞ்சிருக்கு, பாத்துக்கோங்கோ" என்றாள்.

குத்தல் இல்லை அந்தக் குரலில். எனக்கு உதவி செய்கிற குரல். நடுங்காத கை என்று பேர் வாங்கிய நான் அன்றைக்கு ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். கம்பவுண்டர் வந்துதான் குத்தினார். அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டான், பெரியவனாகி வடக்கே எங்கோ வேலைக்குப் போய்விட்டான் என்று கேள்வி.

இப்போது எல்லாம் மாறிவிட்டது. இராஜபாளையத்துக்கே இரயில் வந்துவிட்டது. சாத்தூர் வண்டிகளும் இல்லை, தபாலாபீசில் கொய்னாப் பொட்டலமும் இல்லை. டாக்டர் மாற்றலாகிப் போன ஊரிலேயே காலமாகிவிட்டார். போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தபோது மாடவீதியில் நடந்து பார்த்தேன். ரேழியும் உள்கதவும் இருந்த இடத்தில் சைக்கிள் கடை இருக்கிறது. பஞ்சர் ஒட்டுகிறவரிடம் பழைய வீட்டுக்காரர்கள் எங்கே என்றால், "எந்தப் பழைய வீட்டுக்காரவுக?" என்கிறார். கிழவரும் மாமியாரும் போய் எத்தனையோ வருஷம். கோதையம்மாவும் போய்விட்டார்களாம்.

ஆஸ்பத்திரி ரிஜிஸ்தரில், தங்காமல் போன அந்தக் குழந்தைக்கு ஒரு வரி கிடையாது. இருந்திருந்தால் இன்றைக்கு ஐம்பது வயதாகியிருக்கும். அது ஆணா பெண்ணா என்று எனக்குத் தெரியாது. வாசலில் கிழவர் நின்றபோது கேட்டிருக்கலாம். துக்க வீட்டில் கேட்பது மரியாதையாக இருக்காது என்று பேசாமல் வந்துவிட்டேன். இப்போது கேட்கலாம் என்றால், சொல்ல ஒருவரும் இல்லை.